பழைய வீட்டைப் புதுப்பிக்க யாரிடம் வேலையைக் கொடுப்பது?

“உடைச்சுப் பாத்தாத்தான் சார் தெரியும்.” பழைய வீட்டில் கைவைக்கும் எந்த மேஸ்திரியும் முதல் நாளே சொல்லிவிடும் வாக்கியம் இது. பொய்யில்லை. சுவருக்குள் ஓடும் ஜி.ஐ. பைப் எவ்வளவு துருப்பிடித்திருக்கிறது, குளியலறைத் தளத்துக்குக் கீழே என்ன போட்டு நிரப்பியிருக்கிறார்கள், மொட்டை மாடியில் தட்டோட்டுக்கு அடியில் சுருக்கி (சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்த அடுக்கு) உயிரோடு இருக்கிறதா என்பதெல்லாம் உடைத்த பிறகுதான் தெரியும். ஆனால் உடைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதற்கு யார் பணம் கொடுப்பது? அந்தக் கேள்விக்கு முன்கூட்டியே பதில் எழுதி வைக்காத வீடுகளில்தான் ‘கான்ட்ராக்டர் ஏமாத்திட்டான்’, ‘ஓனர் பணம் தரல’ என்ற இரண்டு புகார்களும் ஒன்றாகப் பிறக்கின்றன.

ஆகவே நம்பகமான ஆளைத் தேடுவதற்கு முன்னால், எந்த முறையில் வேலையைக் கொடுக்கப்போகிறோம் என்று முடிவெடுப்பது நல்லது. நாணயமான ஆளிடமும் தவறான முறையில் வேலையைக் கொடுத்தால் மனஸ்தாபத்தில்தான் முடியும்.

முதலில் வேலையைப் பிரியுங்கள்

பெயிண்ட், டைல்ஸ் மாற்றுவது, கிச்சன் கப்போர்டு போன்றவை கண்ணுக்குத் தெரியும் வேலை. அளந்துவிடலாம், விலை சொல்லிவிடலாம். பிளம்பிங், வயரிங், ஒழுகலைச் சரிசெய்வது எல்லாம் மறைவு வேலை. முன்கூட்டிச் சரியாக மதிப்பிட முடியாது. சுவரை இடிப்பது, மேலே ஒரு தளம் எடுப்பது, பால்கனியை அறையாக்குவது மூன்றாவது வகை. இவை கட்டடத்தின் பலத்தைத் தொடும் வேலை.

மூன்றாவது வகைக்குக் கான்ட்ராக்டரைத் தேடும் முன்பே ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரைக் கூட்டி வாருங்கள். பல பழைய வீடுகளில் தூணே இருக்காது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்தான் தளத்தைத் தாங்கும். ஹாலைப் பெரிதாக்க அந்தச் சுவரை எடுக்கலாமா, எடுத்தால் எங்கே பீம் கொடுக்க வேண்டும் என்பதை இடிப்பவரே சொல்லக்கூடாது. இன்ஜினீயருக்குக் கொடுக்கும் கட்டணம் மொத்தச் செலவில் சிறு பகுதிதான். அவர் தரும் வரைபடம் கையில் இருந்தால் மூன்று கான்ட்ராக்டர்களிடம் ஒரே வேலைக்கு விலை கேட்கலாம். இதுபோன்ற வேலைக்கு உள்ளாட்சி அனுமதி தேவையா என்பதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பென்றால் சங்கத்தின் எழுத்துபூர்வ சம்மதமும் வேண்டும்.

ஐந்து வழிகள்

*நாள் கூலி.* கொத்தனார், பெரியாள், சித்தாள் என்று தலைக்கு இவ்வளவு என்று பேசி, சனிக்கிழமை சம்பளம் கொடுப்பது. பொருள் நீங்கள் வாங்கித் தருவீர்கள். உடைத்த பிறகு என்ன வந்தாலும் அந்த ரிஸ்க் உங்களுடையது. அவசரம் இல்லாததால் வேலை நிதானமாக நடக்கும், பிசிறு குறையும். ஆனால் நாள் நீண்டால் செலவும் நீளும். வீட்டில் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். ஒழுகல் தேடுவது, விரிசல் அடைப்பது போன்ற ஒரு வார வேலைக்கு இதுவே சரி. மூன்று மாத வேலைக்கு நாள் கூலி போட்டால் எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

*லேபர் கான்ட்ராக்ட்.* சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி மட்டும் பேசுவது. சிமென்ட், எம்-சாண்ட், கம்பி, டைல்ஸ் உங்கள் செலவு. பொருளின் தரம் உங்கள் கையில் இருக்கும். ஆனால் சீக்கிரம் முடித்தால் கான்ட்ராக்டருக்கு லாபம். பொருள் வீணானால் அவருக்கு நஷ்டமில்லை. கலவையை அதிகம் குழைத்துவிட்டு மிஞ்சியதைக் கொட்டுவதும், முழு டைல்ஸை வெட்டிச் சிறு துண்டை எடுப்பதும் இந்த முறையில்தான் நடக்கும். இன்னொரு சிக்கல், தண்ணீர் அடிப்பது. பூச்சு முடித்துவிட்டு ஆட்கள் போய்விடுவார்கள். ‘க்யூரிங் ஓனர் வேலை’ என்பார் மேஸ்திரி. ‘அதுக்கும் சேர்த்துத்தானே கூலி’ என்பார் வீட்டுக்காரர். இடையில் சுவர் காய்ந்து மயிரிழை வெடிப்பு விட்டிருக்கும்.

*மெட்டீரியலோடு முழு கான்ட்ராக்ட்.* மொத்தமாக ஒரு தொகை, அல்லது சதுர அடிக்கு இவ்வளவு. உங்களுக்கு அலைச்சல் இல்லை. இங்கே லாபக் கணக்கு தலைகீழ். பொருளில் எவ்வளவு மிச்சம் பிடிக்கிறாரோ அவ்வளவும் கான்ட்ராக்டருக்கு. எனவே எந்தப் பொருள் என்பதை வரிக்கு வரி எழுதாவிட்டால் இந்த முறையைத் தொடாதீர்கள். பழைய வீட்டுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத நிலையில் மொத்தத் தொகை சொல்பவர், ஒன்று பயத்துக்கும் சேர்த்து விலையை ஏற்றியிருப்பார். இல்லையென்றால் குறைவாகச் சொல்லி வேலையைப் பிடித்துவிட்டு, பிறகு ‘எக்ஸ்ட்ரா’ பட்டியலோடு வருவார்.

*ஐட்டம் ரேட்.* ஒவ்வொரு வேலைக்கும் தனி விலை. பழைய பூச்சைக் கொத்தி எடுக்க சதுர அடிக்கு இவ்வளவு, புதுப் பூச்சுக்கு இவ்வளவு, சி.பி.வி.சி. பைப் ஓடும் அடிக்கு இவ்வளவு, ஒரு லைட் பாயிண்ட்டுக்கு இவ்வளவு, இடிபாடு ஏற்ற ஒரு லோடுக்கு இவ்வளவு. வேலை முடிந்ததும் இருவரும் சேர்ந்து டேப் பிடித்து அளந்து பில் போடுவார்கள். உள்ளே எதிர்பாராமல் எது வந்தாலும் விலை முன்பே பேசியதுதான், அளவு மட்டும்தான் மாறும். அரசு வேலைகள் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கின்றன. வீட்டு வேலையில் அதிகம் யாரும் கேட்பதில்லை. மறைவு வேலைக்கு இதைவிட நியாயமான முறை எனக்குத் தெரியவில்லை.

*இன்டீரியர் நிறுவனம்.* டிசைன் படம், கம்ப்யூட்டரில் முப்பரிமாணக் காட்சி, வாரன்டி கார்டு எல்லாம் கிடைக்கும். கிச்சன், வார்ட்ரோப் போன்ற தொழிற்சாலையில் செய்து பொருத்தும் வேலைக்கு நல்ல தேர்வு. கொத்து வேலை, ஒழுகல் வேலைக்கு அவர்களும் ஒரு மேஸ்திரியைத்தான் பிடித்துக் கொடுப்பார்கள். கட்டுமானப் பணிக்கான 18 சதவீத ஜி.எஸ்.டி. எஸ்டிமேட்டில் சேர்ந்திருக்கிறதா, பிறகு ஏறுமா என்று முதலிலேயே கேளுங்கள். பில் இல்லாமல் வேலை செய்பவரின் விலையோடு நேராக ஒப்பிட்டால் கணக்குத் தப்பும்.

எஸ்டிமேட்டுகளை ஒப்பிடும்போது

மூன்று பேரிடம் எஸ்டிமேட் வாங்கச் சொல்வார்கள் எல்லோரும். மூவரும் மூன்று விதமாக எழுதித் தந்தால் கடைசி வரியில் இருக்கும் தொகையைத் தவிர ஒப்பிட ஒன்றுமிருக்காது. வேலைப் பட்டியலை நீங்களே தயாரித்து, ஒரே தாளை மூவரிடமும் கொடுத்து விலையை மட்டும் நிரப்பச் சொல்லுங்கள்.

அளவில் எப்படி வித்தியாசம் வருகிறது என்பதற்கு ஒரு குளியலறையை எடுத்துக்கொள்வோம். எட்டுக்கு ஐந்து அடி அறை. சுவரில் ஏழு அடி உயரம் வரை டைல்ஸ். சுற்றளவு 26 அடி, ஏழு அடி உயரம் என்றால் 182 சதுர அடி. தரை 40. மொத்தம் 222. இரண்டரைக்கு ஏழு கதவைக் கழித்தால் 17.5 குறைந்து 204.5 சதுர அடி. ஒருவர் 222க்கு விலை போட்டிருப்பார், இன்னொருவர் 205க்கு. ரேட் ஒன்றாக இருந்தும் தொகை வேறாக வரும். மூன்று குளியலறை என்றால் ஐம்பது சதுர அடிக்கு மேல் வித்தியாசம். யார் சொல்வது சரி என்பதைவிட, கதவைக் கழிக்கிறோமா இல்லையா என்பதை முன்பே எழுதுவதுதான் முக்கியம்.

பூச்சு வேலையில் கதவைக் கழிக்கவில்லை என்று மேஸ்திரியிடம் சண்டைக்குப் போகும் முன் ஒரு செய்தி. அளவெடுப்புக்கான இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 1200, பூச்சு வேலையில் அரை சதுர மீட்டர் வரையுள்ள திறப்புகளைக் கழிக்க வேண்டாம் என்கிறது. அரை முதல் மூன்று சதுர மீட்டர் வரை, அதாவது ஏறக்குறைய 32 சதுர அடி வரை, சுவரின் ஒரு பக்கத்துக்கு மட்டும் கழித்தால் போதும். கதவின் ஓரங்களில் பூசும் உழைப்புக்கு அது ஈடு. மூன்றுக்கு ஏழு கதவு இந்தக் கணக்கில்தான் வரும். எஸ்டிமேட்டில் ‘அளவு ஐ.எஸ். 1200படி’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் இந்தத் தகராறு தீர்ந்தது.

அடுத்தது பொருள். ‘நல்ல கம்பெனிக் கம்பி’, ‘குவாலிட்டி பிளைவுட்’ என்ற சொற்களுக்கு எஸ்டிமேட்டில் எந்தப் பொருளும் கிடையாது. கம்பி என்றால் கிரேடும் பிராண்டும் வேண்டும். வயர் என்றால் சதுர மி.மீ. வேண்டும். பொதுவாக லைட்டுக்கு 1.5, சாக்கெட்டுக்கு 2.5, ஏ.சி., கீசருக்கு 4 போடுவார்கள். சிங்க் அடியில் வைக்கும் பிளைவுட் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் வகையா, ஐ.எஸ். 303 வகையா என்று எழுத வேண்டும். இரண்டுக்கும் விலையில் நல்ல வித்தியாசம் உண்டு. மேலே லேமினேட் ஒட்டிய பிறகு கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

கம்பிக்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. விட்டத்தை மி.மீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ. கம்பிக்கு 0.89 கிலோ. பன்னிரண்டு மீட்டர் நீளக் கம்பி ஒன்று 10.7 கிலோவுக்கு அருகில் இருக்க வேண்டும். தரநிர்ணயம் சிறு ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கிறது. எல்லாக் கம்பியும் ஒரு கிலோ குறைகிறது என்றால் அது சிறு ஏற்ற இறக்கம் இல்லை.

மற்ற இருவரைவிட ஒருவர் கால் பங்கு குறைவாகச் சொன்னால் சந்தோஷப்படாமல், எந்த வரியில் குறைகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் சில வரிகளே விட்டுப்போயிருக்கும். இடிபாடு அகற்றுவது, சாரம் வாடகை, தண்ணீர் லாரி, வாட்டர்புரூஃபிங், டைல்ஸ் இடுக்குக்கு எபாக்சி ஆகியவைதான் வழக்கமாகத் தொலைந்துபோகிறவை.

ஆளை எப்படிப் பார்ப்பது

வீட்டைப் புதுப்பிக்கும் மேஸ்திரியிடம் காட்டச் சொல்ல அரசாங்கச் சான்று என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. பொதுப்பணித் துறைப் பதிவு அரசு வேலைக்கானது. வயரிங் மட்டும் விதிவிலக்கு. அதற்கு உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் இருக்கிறார்கள். லைசென்ஸ் நகல் கேட்டு வாங்குங்கள். மற்றதற்கெல்லாம் விசாரிப்புதான் வழி.

அவர் காட்டும் புது வீட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். இரண்டு ஐப்பசி-கார்த்திகை மழையைத் தாண்டிய வேலை ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். மாடிக் குளியலறைக்குக் கீழே இருக்கும் அறையின் சீலிங்கைப் பாருங்கள், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையைப் பாருங்கள். அந்த வீட்டுக்காரரிடம் ‘வேலை நல்லா பண்ணாரா’ என்று கேட்டால் ‘ம், பரவாயில்லை’ என்றுதான் வரும். ‘கடைசியா மிஞ்சின சில்லறை வேலையை எத்தனை நாள் இழுத்தார்? அப்புறம் கூப்பிட்டா வந்தாரா?’ என்று கேளுங்கள். உண்மை வரும்.

நடந்துகொண்டிருக்கும் ஒரு சைட்டுக்கு, சொல்லாமல், காலை பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள். சிமென்ட் மூட்டை தரையில் கிடக்கிறதா, பலகை மேல் அடுக்கியிருக்கிறதா? கலவைக்கு மணலைப் பெட்டி வைத்து அளக்கிறார்களா, மண்வெட்டிக் கணக்கில் போடுகிறார்களா? நேற்று பூசிய சுவர் ஈரமாக இருக்கிறதா? அங்கே நிற்கும் கொத்தனாரிடம் ‘எத்தனை வருஷமா அண்ணே இவர்கிட்ட இருக்கீங்க?’ என்று கேளுங்கள். ஐந்து வருடம் என்றால் ஆட்களுக்குச் சம்பளம் ஒழுங்காகப் போகிறது என்று பொருள். வாரத்துக்கு ஒரு செட் ஆட்கள் மாறினால் உங்கள் வேலையும் பாதியில் நிற்கும்.

இன்னொருவரையும் விசாரியுங்கள். அவர் வழக்கமாகச் சாமான் எடுக்கும் ஹார்டுவேர் கடைக்காரர். ஊரில் எந்தக் கான்ட்ராக்டர் பாக்கியைச் சுழற்றிக்கொண்டிருக்கிறார், யார் கணக்கை மாதாமாதம் முடிக்கிறார் என்பது அவருக்கு அத்துப்படி. ஒரு சைட்டில் வாங்கிய அட்வான்ஸை இன்னொரு சைட்டின் கடனுக்குக் கட்டுபவரிடம் கைத்திறமை எவ்வளவு இருந்தும் பயனில்லை.

பணம் வேலைக்குப் பின்னால் நடக்கட்டும்

நம்பிக்கை கெடும் இடம் பெரும்பாலும் இதுதான். முடிந்த வேலையின் மதிப்பைவிட நீங்கள் கொடுத்த பணம் அதிகமாகிவிட்டால், கான்ட்ராக்டருக்குத் திரும்பி வர வேண்டிய அவசியம் குறைந்துவிடும். அட்வான்ஸ் பத்து சதவீதத்துக்கு மேல் வேண்டாம். பெரிய சாமான் வாங்கப் பணம் கேட்டால் கடைக்கு நேராகக் கட்டி, பில்லை உங்கள் பெயரில் வாங்குங்கள். மீதியைக் கட்டம் கட்டமாகப் பிரியுங்கள். இடித்துச் சுத்தம் செய்ததும், பைப்பும் வயரிங்கும் சோதித்ததும், பூச்சு முடிந்ததும், டைல்ஸ் முடிந்ததும், பெயிண்ட் முடிந்ததும் என்று. தேதியை வைத்துத் தவணை பேசாதீர்கள். வேலையை வைத்துப் பேசுங்கள்.

கடைசி ஐந்து சதவீதத்தை ஒரு மழைக்காலம் முடியும் வரை பிடித்து வைப்பதாக முதலிலேயே சொல்லிவிடுங்கள். நல்ல ஆட்கள் சற்று முகம் சுளித்தாலும் ஒப்புக்கொள்வார்கள். அதேபோல, கட்டம் முடிந்த அன்றே பணம் கொடுப்பதும் உங்கள் கடமை. சனிக்கிழமை அவர் பத்துப் பேருக்குச் சம்பளம் போட வேண்டும். அந்த வாரம் நீங்கள் இழுத்தடித்தால் திங்கட்கிழமை ஆட்கள் வேறு சைட்டில் இருப்பார்கள்.

எழுத்தில் இருக்க வேண்டியவை

பெரிய ஒப்பந்தப் பத்திரம் வேண்டாம், இரண்டு பக்கம் போதும். வேலைப் பட்டியலும் ரேட்டும், பொருளின் பிராண்டும் கிரேடும், அளக்கும் முறை, பணக் கட்டங்கள், முடிக்கும் தேதி ஆகியவை அடிப்படை. அதோடு, க்யூரிங்குக்குத் தண்ணீர் அடிப்பது யார், மின்சாரமும் தண்ணீரும் யார் செலவு, இடிபாட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது, ஆட்களுக்கு அடிபட்டால் மருத்துவச் செலவுக்கு யார் பொறுப்பு என்பவற்றையும் எழுதுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஆட்கள் ஊருக்குப் போனால் ஒரு வாரம், பத்து நாள் வேலை நிற்கும். அதையும் கணக்கில் சேர்த்தே தேதி குறியுங்கள்.

முக்கியமான வரி ஒன்று. எந்த எக்ஸ்ட்ரா வேலையும், விலை வாட்ஸ்அப்பில் வந்து நீங்கள் சம்மதம் அனுப்பிய பிறகே தொடங்க வேண்டும். வாய்ப்பேச்சில் ‘சரி பண்ணுங்க’ என்று சொன்னது பில்லில் எந்தத் தொகையாக வரும் என்று யாருக்கும் தெரியாது.

மூடும் முன் பாருங்கள்

தினமும் சைட்டில் நிற்க முடியாதவர்கள் மூன்று சந்தர்ப்பங்களில் மட்டுமாவது கட்டாயம் இருங்கள். முதலாவது, குளியலறையில் வாட்டர்புரூஃபிங் முடிந்து டைல்ஸ் போடும் முன். வடிகாலை அடைத்துத் தண்ணீர் தேக்கி, குறைந்தது ஒரு நாள் முழுக்க விட்டு, கீழ்த்தளத்தில் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, பைப், வயரிங் ஆகியவற்றைப் பூச்சு மூடும் முன். பைப்புக்குப் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லி, சுவர் சுவராக டேப் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஆணி அடிக்கும்போது அந்தப் படம் உதவும். மூன்றாவது, கான்கிரீட் போடும் முன்பும், முட்டுப் பிரிக்கும் முன்பும். ஐ.எஸ். 456இன்படி சாதாரண சிமென்டுக்கு ஏழு நாளாவது, பி.பி.சி. போன்ற கலப்பு சிமென்டுக்குப் பத்து நாளாவது ஈரம் காக்க வேண்டும். தளத்தின் முட்டு நாலரை மீட்டர் ஸ்பான் (தாங்கும் இரு முனைகளுக்கு இடையிலான தூரம்) வரை ஏழு நாள், அதற்கு மேல் பதினான்கு நாள் நிற்க வேண்டும். சென்ட்ரிங் ஷீட்டுக்கு வாடகை ஏறுகிறது என்று ஐந்தாம் நாளே பிரிக்க வந்தால் சம்மதிக்காதீர்கள்.

தகராறு வந்தால்

ரெரா இதற்கு உதவாது. அது வீடு கட்டி விற்பவர்களுக்கான சட்டம். உங்கள் வீட்டைப் புதுப்பிக்கும் கான்ட்ராக்டர் அதில் வரமாட்டார். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீட்டுக் கட்டுமானமும் ‘சேவை’ என்று சொல்லப்பட்டிருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அங்கே உங்களுக்குக் கைகொடுப்பது அந்த இரண்டு பக்கத் தாள், வங்கிவழிப் பணப் பரிமாற்றம், தேதி போட்ட படங்கள் ஆகிய மூன்றும்தான். ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்கு வாதாடுவது கஷ்டம்.

முடிவாக, எந்த வேலைக்கு எது?

சிறு ரிப்பேருக்கு, வீட்டில் ஆள் இருந்தால், நாள் கூலி. சாமான் வாங்கத் தெரிந்து, அலைய நேரமும் இருந்தால் லேபர் கான்ட்ராக்ட். கிச்சன், வார்ட்ரோபுக்கு இன்டீரியர் நிறுவனம். வரைபடமும் பொருள் பட்டியலும் பக்காவாக இருக்கும் புது அறை, மாடிக்கு முழு கான்ட்ராக்ட். வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்துகொண்டு கட்டுபவர்கள் இதோடு மாதச் சம்பளத்துக்கோ விசிட் கணக்கிலோ ஒரு இன்ஜினீயரைத் தனியாக அமர்த்திக்கொள்ள வேண்டும். அவர் கான்ட்ராக்டர் பரிந்துரைத்தவராக இருக்கக்கூடாது.

முப்பது வருட வீட்டில் குளியலறை, பைப், வயரிங், மொட்டை மாடி என்று எல்லாவற்றையும் தொடப்போகிறீர்களா? இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள். உடைப்பதும் மறைவு வேலையும் ஐட்டம் ரேட்டில் முதலில் முடியட்டும். உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்த பிறகு டைல்ஸ், பெயிண்ட், மரவேலைக்கு மொத்தத் தொகை பேசுங்கள். அதே மேஸ்திரியே இரண்டையும் செய்யலாம். முதல் பாதியில் அவர் எப்படி அளந்தார், எப்படிப் பில் போட்டார் என்பதைப் பார்த்த பிறகு இரண்டாம் பாதியை அவரிடமே கொடுப்பதா என்று முடிவெடுக்க உங்களுக்கு ஒரு வாய்ப்பும் கிடைக்கிறது.